இல்லாத உறுப்பு தந்த பூஜ்யம்

நிலுவைத் தொகையைக் காட்டும் ஒரு கைப்பேசிச் செயலியை நான் பராமரித்துக்கொண்டிருந்தபோது, ஒரு திங்கட்கிழமை காலையிலிருந்து பயனர்கள் அனைவருக்கும் நிலுவை பூஜ்யம் என்று திரை காட்டத் தொடங்கியது. செயலி எங்கும் முறிந்து நிற்கவில்லை. பிழைப்பதிவில் ஒரு வரிகூட விழவில்லை. பயனர்களும் புகார் எழுதவில்லை, ஏனெனில் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை என்று திரை சொல்லும்போது அதைச் சந்தேகிக்க அவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை. பன்னிரண்டு நாட்கள் கழித்து, வரவு ஏன் இப்படிக் குறைந்திருக்கிறது என்று கணக்குப் பிரிவிலிருந்து கேள்வி வந்த பிறகுதான் நாங்கள் தேடத் தொடங்கினோம்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. சர்வர் குழு, தான் அனுப்பும் ஜேசான் பதில்களில் பெயர் சூட்டும் முறையைச் சீராக்கியிருந்தது. (ஜேசான் என்பது தகவலைப் பெயரும் மதிப்புமான இணைகளாக எழுதி அனுப்பும் உரை வடிவம்; அத்தகைய ஓர் இணையே இங்கே உறுப்பு.) அதுவரை இரண்டு ஆங்கிலச் சொற்களை அடிக்கோட்டால் இணைத்து எழுதப்பட்டிருந்த உறுப்பின் பெயர், அடிக்கோடு நீங்கி, இரண்டாம் சொல்லின் முதல் எழுத்து பெரிய எழுத்தாகி வந்துகொண்டிருந்தது. செயலியோ பழைய பெயரையே தேடியது. ஆண்ட்ராய்டின் ‘ஆப்ட்-இன்ட்’ என்ற செயற்கூறு, கேட்ட பெயரில் உறுப்பு இல்லையென்றால் பூஜ்யத்தைத் திருப்பித் தரும். அது தன் ஆவணத்தில் எழுதியுள்ளபடியே நடந்துகொண்டது. அந்த வரியை எழுதியவன் நான்.

அந்த வரியை நான் அப்படி எழுதியதற்கும் ஒரு வரலாறு உண்டு. முதலில் அங்கே ‘கெட்-இன்ட்’ இருந்தது. அது உறுப்பு இல்லாவிட்டால் விதிவிலக்கை எறியும், அதாவது பிழை என்று அறிவிக்கும்; அதை நிரல் கையாளாவிட்டால் செயலி முறியும். ஒருமுறை சர்வர் வேறொரு பதிலில் அந்த உறுப்பை அனுப்பாமல் விட்டதால் செயலி முறிந்தது. முறிவைத் தவிர்க்க வேண்டும் என்று எல்லோரும் வற்புறுத்தினார்கள். நானும் மூன்று எழுத்துகளை மாற்றி ஒரு மாலைப்பொழுதில் அதைத் தீர்த்துவிட்டதாக நினைத்தேன். முறிவு போனது உண்மை. அதோடு சேர்ந்து, உறுப்பு வரவில்லை என்ற செய்தியும் போய்விட்டது.

ஜேசான் ஆப்ஜெக்டில், அதாவது உறுப்புகளின் தொகுப்பில், ஓர் உறுப்பைத் தேடுவது நிரலிலேயே மிகச் சாதாரணமான வரி என்று எண்ணப்படுகிறது. பெயரைக் கொடுக்கிறோம், மதிப்பு வருகிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு உண்மையில் ஐந்து விதமான பதில்கள் இருக்கின்றன. அந்தப் பெயரில் உறுப்பே இல்லாமல் இருக்கலாம். உறுப்பு இருந்து, அதன் மதிப்பு, ஏதுமில்லை என்று குறிக்கும் ‘நல்’ ஆக இருக்கலாம். (தமிழில் இச்சொல்லை நல்லதைக் குறிக்கும் அடைமொழியாகவும் படித்துவிட இடமிருப்பதால், இக்கட்டுரை முழுவதும் மேற்கோள் குறிக்குள்ளேயே எழுதுகிறேன்.) மதிப்பு இருந்தும், எதிர்பார்த்த வகையில் இல்லாமல் எண்ணுக்குப் பதிலாக எழுத்துத்தொடராக, அதாவது ஸ்ட்ரிங்காக இருக்கலாம். வகை சரியாக இருந்தும், வெற்று ஸ்ட்ரிங் போலப் பயனற்றதாக இருக்கலாம். இவை எதுவும் இல்லாமல், கேட்டது கேட்டபடியே கிடைக்கலாம். தேடும் வரி இந்த ஐந்தையும் ஐந்தாகவே நமக்குச் சொல்ல வேண்டும் என்பதும், அவற்றில் எதைப் பூஜ்யம் என்று கொள்வது, எதைப் பிழை என்று கொள்வது என்ற தீர்ப்பை அந்த மதிப்பின் பொருளை அறிந்த வேறொரு வரிதான் வழங்க வேண்டும் என்பதும் அந்தப் பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு என்னிடம் உறுதிப்பட்ட கருத்து.

ஜேசானின் வரையறையே இந்த இடத்தில் மிகவும் சிக்கனமானது. 2000-களின் தொடக்கத்தில் டக்ளஸ் கிராக்ஃபோர்டு வகுத்துப் பரப்பிய இந்த வடிவம், 2006-இல் ஆர்எஃப்சி என்ற இணைய ஆவண வரிசையில் ஆர்எஃப்சி 4627 ஆகவும், 2013-இல் எக்மா தர அமைப்பின் எக்மா-404 ஆகவும், 2017-இல் ஆர்எஃப்சி 8259 ஆகவும் எழுத்தில் நிலைபெற்றது. இன்று நாம் பின்பற்றும் ஆர்எஃப்சி 8259-இன்படி, ஆப்ஜெக்ட் என்பது பெயரும் மதிப்பும் சேர்ந்த இணைகளின் வரிசையற்ற தொகுப்பு. இணைகள் ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம். எந்த உறுப்பு கட்டாயம் வர வேண்டும், எது விடுபடலாம் என்பதைப் பற்றி அந்த வரையறை ஒன்றும் சொல்வதில்லை. அதைச் சொல்ல வேண்டியது சர்வருக்கும் செயலிக்கும் இடையிலான ஒப்பந்தம். அந்த ஒப்பந்தம் பெரும்பாலான இடங்களில் எழுதப்படாமல், தேடும் வரிகளுக்குள்ளேயே ஒளிந்து கிடக்கிறது.

வரிசையற்றது என்பதால், ‘முதல் உறுப்பு’ என்று எதையும் நம்பக் கூடாது. ஒரே பெயர் இருமுறை வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அதைவிடச் சிக்கலானது. பெயர்கள் தனித்தனியாக இருப்பதே முறை என்று ஆர்எஃப்சி 8259 பரிந்துரைக்கிறது, ஆனால் கட்டாயமாக்கவில்லை. ஒரே பெயர் திரும்ப வந்தால் பல நிரல்கள் கடைசி மதிப்பை மட்டும் தரும், சில பிழை என்று மறுக்கும், சில எல்லாவற்றையும் தரும் என்று அது வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டிலும் ஆண்ட்ராய்டின் உள்ளமைந்த ஜேசான் வகுப்பிலும் (ஜேசானைக் கையாளும் செயற்கூறுகளின் தொகுதி) கடைசி மதிப்பே நிற்கும். 2015-இல் வந்த ஆர்எஃப்சி 7493, ஐ-ஜேசான் என்ற பெயரில் இதை இறுக்கி, திரும்ப வரும் பெயர்களைத் தடைசெய்தது. சரிபார்க்கும் நிரல் முதல் மதிப்பையும், செயல்படுத்தும் நிரல் கடைசி மதிப்பையும் படித்தால், சரிபார்க்கப்படாத ஒன்று செயல்பட்டுவிடும். ஆகவே திரும்ப வரும் பெயரை எல்லையிலேயே மறுப்பதுதான் சரியென்று நான் நினைக்கிறேன்.

பெயர்களை ஒப்பிடும் முறை பற்றித் தமிழில் எழுதும் நமக்குத் தனி அக்கறை வேண்டும். இரண்டு பெயர்கள் ஒன்றா என்று பார்க்க, யூனிகோடு குறியலகுகளை ஒவ்வொன்றாக எண்மதிப்பில் ஒப்பிடும் நிரல்கள் எப்போதும் ஒரே முடிவுக்கு வரும் என்கிறது ஆர்எஃப்சி 8259. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு என்பது அதில் தானாகவே அடங்கிவிடுகிறது. இனி ‘கொள்முதல்’ என்ற சொல்லை ஓர் உறுப்பின் பெயராக வைத்துக்கொள்வோம். அதிலுள்ள ஒகரக் குறியை யூனிகோடில் 0பிசிஏ என்ற ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியெண்களாக அடுத்தடுத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடு தரமும் இரண்டையும் சமமானவை என்றே கூறுகிறது. ஆனால் ஆண்ட்ராய்டுச் செயலிகளை எழுதும் கோட்லின் மொழியிலும், ஜாவாஸ்கிரிப்டிலும், டார்ட்டிலும் ஒப்பிட்டால் அவை வெவ்வேறு ஸ்ட்ரிங்குகள். ஐஃபோன் செயலிகளை எழுதும் ஸ்விஃப்டில் ஒப்பிட்டால் அவை ஒரே ஸ்ட்ரிங், ஏனெனில் ஸ்விஃப்ட் மொழி இத்தகைய சமனைக் கணக்கில் கொண்டே ஸ்ட்ரிங்குகளை ஒப்பிடுகிறது. அதாவது ஒரே பதிலைப் பெற்ற இரண்டு கைப்பேசிகளில், ஒன்று உறுப்பு இருக்கிறது என்றும் மற்றொன்று இல்லை என்றும் சொல்ல முடியும். கண்ணால் எத்தனைமுறை ஒப்பிட்டாலும் இந்தப் பிழை பிடிபடாது. மொழிபெயர்ப்புப் பட்டியல்களுக்கும் வகைப்பெயர்களுக்கும் தமிழ்ச் சொற்களையே பெயர்களாக வைப்பவர்கள், அவற்றை எழுதும் இடத்திலேயே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

ஆண்ட்ராய்டின் உள்ளமைந்த வகுப்புக்குத் திரும்புகிறேன், ஏனெனில் என் பிழை அங்கேதான் நிகழ்ந்தது. அதில் தேடுவதற்கு இரண்டு குடும்பங்கள் உண்டு. ‘கெட்’ குடும்பம், உறுப்பு இல்லாவிட்டாலோ கேட்ட வகைக்கு மாற்ற முடியாவிட்டாலோ விதிவிலக்கை எறியும். ‘ஆப்ட்’ குடும்பம் எதையும் எறியாது: முழு எண்ணைக் கேட்டால் பூஜ்யம், ஸ்ட்ரிங்கைக் கேட்டால் வெற்று ஸ்ட்ரிங், மெய்யா பொய்யா என்ற பூலியனைக் கேட்டால் பொய், உள் ஆப்ஜெக்டைக் கேட்டால் ‘நல்’ என்று ஒரு மாற்று மதிப்பைத் தரும். இவற்றோடு, உறுப்பு இருக்கிறதா என்று மட்டும் சொல்லும் ‘ஹேஸ்’, உறுப்பு இல்லாமலோ ‘நல்’ ஆகவோ இருந்தால் ஆம் என்று சொல்லும் ‘ஈஸ்-நல்’ என்ற இரண்டும் உள்ளன. இவ்விரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் ‘இல்லை’ என்பதையும் ‘நல்’ என்பதையும் பிரித்தறியலாம். கருவிகள் இருக்கின்றன, மூன்று எழுத்தை மாற்றுவது எளிதாக இருப்பதால் யாரும் அவற்றை எடுப்பதில்லை.

இந்த வகுப்பில் ஒரு பொறி உண்டு. மதிப்பு ‘நல்’ ஆக வரும் உறுப்பை ‘ஆப்ட்-ஸ்ட்ரிங்’ மூலம் கேட்டால், நாம் கொடுத்த மாற்று மதிப்பு வராது. ‘நல்’ என்ற ஆங்கிலச் சொல்லே நான்கு எழுத்துள்ள ஸ்ட்ரிங்காக வந்து சேரும். பயனரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்தச் சொல் நிற்பதைப் பல செயலிகளில் பலரும் பார்த்திருப்பார்கள். காரணம் இதுதான்: ஜேசானின் ‘நல்’ மதிப்பை ஆண்ட்ராய்டு, ஜாவா மொழியின் ‘நல்’ ஆக வைத்துக்கொள்வதில்லை, அதற்கென ஒரு தனி ஆப்ஜெக்டை வைத்திருக்கிறது. உறுப்பு இருக்கிறது என்பதால் மாற்று மதிப்புக்கு வேலையில்லை. இருக்கும் மதிப்பு எதுவானாலும் அதை ஸ்ட்ரிங்காக மாற்றித் தருவது அந்தச் செயற்கூறின் இயல்பு. அந்தத் தனி ஆப்ஜெக்டை ஸ்ட்ரிங்காக மாற்றினால் அதன் பெயரே கிடைக்கிறது. புதிய கோட்லின்எக்ஸ் சீரியலைசேஷன் நூலகத்திலும் இதே தன்மை உண்டு. அங்கே ‘கன்டென்ட்’ என்று கேட்டால் அந்த நான்கெழுத்து ஸ்ட்ரிங் வரும், ‘கன்டென்ட்-ஆர்-நல்’ என்று கேட்டால்தான் உண்மையான வெறுமை வரும்.

கேட்ட வகைக்கு மாற்றித் தரும் இந்த இயல்பு எண்களிலும் இழப்பை உண்டாக்கும். பின்னங்களையும் ஏந்தும் இரட்டைத் துல்லிய மிதவை எண்கள் 2-இன் 53-ஆம் அடுக்கு வரையே எல்லா முழு எண்களையும் பிசகாமல் ஏந்தும். ஆகவே எண்களை அவ்வாறே வைக்கும் ஜாவாஸ்கிரிப்டில் 9007199254740993 என்ற எண்ணைப் படித்தால் அது 9007199254740992 ஆகிவிடும். இதற்காகவே நீண்ட அடையாள எண்களைச் சர்வர்கள் மேற்கோள் குறிக்குள், ஸ்ட்ரிங்காக அனுப்புகின்றன. அப்படிக் கவனமாக அனுப்பியதை ஆண்ட்ராய்டில் ‘கெட்-லாங்’ மூலம் கேட்டால், அது ஸ்ட்ரிங்கை முதலில் மிதவை எண்ணாக்கி, பிறகுதான் முழு எண்ணாக்குகிறது. 9223372036854775806 என்ற ஸ்ட்ரிங் 9223372036854775807 ஆக மாறும் என்பதை அந்த வகுப்பின் ஆவணமே எடுத்துக்காட்டாகத் தந்திருக்கிறது. அடையாள எண்ணோடு நாம் கூட்டல் கழித்தல் எதுவும் செய்யப்போவதில்லை. அதை ஸ்ட்ரிங்காகவே வாங்கி, ஸ்ட்ரிங்காகவே வைத்துக்கொள்வது நல்லது.

ஐஃபோன் பக்கத்தில் இதே கேள்வி வேறு வடிவத்தில் வளர்ந்தது. 2011-இல் ஐஓஎஸ் 5 உடன் வந்த, ஜேசானைப் படிக்கும் என்எஸ்-ஜேசான்-சீரியலைசேஷன் வகுப்பு, ஜேசானின் ‘நல்’ மதிப்புக்கு என்எஸ்-நல் என்ற ஆப்ஜெக்டைத் தந்தது. ஆப்ஜெக்டிவ்-சி மொழியில் உண்மையான வெறுமைக்கு எந்தச் செய்தியை அனுப்பினாலும் அமைதியாகப் பூஜ்யம் திரும்பும். என்எஸ்-நல் ஆப்ஜெக்டுக்கு ஸ்ட்ரிங்கின் நீளத்தைக் கேட்கும் செய்தியை அனுப்பினால் செயலி அங்கேயே முறியும். உறுப்பு இல்லாதபோது பிழைத்துக்கொள்ளும் வரி, ‘நல்’ வந்தபோது விழுந்துவிடும். ஸ்விஃப்ட் மொழி வந்ததும் ‘ஆஸ்’ என்ற சொல்லோடு கேள்விக்குறியைச் சேர்த்து வகையைச் சோதிக்கும் வழக்கம் வந்தது. அது பாதுகாப்பானதுதான், ஆனால் உறுப்பு இல்லை, ‘நல்’ வந்தது, வகை தவறு என்ற மூன்றையும் ஒரே வெறுமையாகச் சுருட்டிவிடுகிறது.

2017-இல் ஸ்விஃப்ட் 4 உடன், ஜேசானை நிரலின் வகைகளாக மாற்றித் தரும் கோடபிள் வசதி வந்தபோது இந்த மூன்றும் தனித்தனிப் பெயர் பெற்றன. உறுப்பு இல்லையென்றால் ‘கீ-நாட்-ஃபவுண்ட்’, ‘நல்’ வந்தால் ‘வேல்யூ-நாட்-ஃபவுண்ட்’, வகை பொருந்தாவிட்டால் ‘டைப்-மிஸ்மேட்ச்’ என்று பிழைகள் பிரிக்கப்பட்டதோடு, எந்த ஆப்ஜெக்டின் எந்த உறுப்புக்குள் எத்தனையாவது இடத்தில் அது நேர்ந்தது என்ற முழுப் பாதையும் பிழையோடு வந்தது. இதை வடிவமைத்தவர்கள் தேடலின் இயல்பைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்றே சொல்வேன். கட்டாயமில்லாத உறுப்புக்கான ‘டிகோட்-இஃப்-ப்ரெசன்ட்’ கூட, இல்லாமையையும் ‘நல்’லையும் மட்டுமே வெறுமையாகக் கொள்ளும், வகை தவறினால் பிழை எறியும். இத்தனை கவனத்தோடு பிரித்துத் தரப்பட்டதை, ‘ட்ரை’ என்ற சொல்லுக்குப் பின் ஒரு கேள்விக்குறியைச் சேர்த்து ஒரே எழுத்தில் அழித்துவிட முடியும் என்பது எனக்கு வருத்தம் தரும் ஒன்று. நிரலைச் சரிபார்க்கும்போது அந்தக் கேள்விக்குறியைக் கண்டால் நான் எப்போதும் நின்று காரணம் கேட்பேன்.

கோடபிளிலும் பெயர் சார்ந்த நுணுக்கங்கள் உண்டு. அடிக்கோட்டுப் பெயர்களைத் தானாக மாற்றித் தரும் வசதி ஸ்விஃப்ட் 4.1-இல் சேர்க்கப்பட்டது. அது ‘இமேஜ்’, ‘யூஆர்எல்’ என்ற இரண்டு சொற்களை அடிக்கோடு நீக்கி இணைக்கும்போது, இரண்டாம் சொல்லின் முதல் எழுத்தை மட்டுமே பெரிதாக்கும். ஆப்பிளின் பெயர் மரபைப் பின்பற்றி மூன்று எழுத்துகளையும் பெரிய எழுத்துகளாக எழுதிய நிரலாளருக்கு உறுப்பு கிடைக்காது. அதைக் கட்டாயமற்றது என்று அவர் அறிவித்திருந்தால் பிழையும் கிடைக்காது, படங்கள் மட்டும் வராது. ஆகவே பெயர்களை ஒவ்வொன்றாக நானே எழுதிவைக்கிறேன். கூடுதல் வரிகள்தான். ஆனால் சர்வர் அனுப்பும் பெயரைத் தேடுகருவியில் இட்டால் அது என் நிரலில் அப்படியே அகப்படுகிறது. அந்த வசதிக்காகவே அந்த வரிகளை நான் சுமையாகக் கருதுவதில்லை.

ஆண்ட்ராய்டில் வகைப்படுத்திப் படிக்கும் நூலகங்களுள் ஜீசான் பரவலான ஒன்று. அது ஜாவாவுக்காக எழுதப்பட்டதால், கோட்லின் மொழி ‘நல்’ ஏற்காது என்று அறிவித்த இடத்திலும் உறுப்பு வராதபோது ‘நல்’லையே விட்டுவைக்கும், மொழி கொடுத்த உறுதி அங்கே உடைந்து, முறிவு வேறெங்கோ, தொடர்பில்லாத திரையில் நேரும். இன்னொரு பொறி பெயரைச் சார்ந்தது. ஜீசான், குறிப்பு எதுவும் இல்லாவிட்டால் வகுப்பிலுள்ள புலத்தின் (மதிப்பை ஏந்தும் மாறியின்) பெயரையே உறுப்பின் பெயராகக் கொண்டு தேடுகிறது. வெளியீட்டுக்கான தொகுப்பில், நிரலைச் சுருக்கும் ஆர்8 கருவி அந்தப் புலங்களின் பெயர்களை ஓரெழுத்துப் பெயர்களாகச் சுருக்கிவிட்டால், சோதனைத் தொகுப்பில் சரியாக இயங்கியது பயனரின் கையில் எல்லா உறுப்பும் காணாமல்போனதாக நிற்கும். ‘சீரியலைஸ்டு-நேம்’ என்ற குறிப்பை ஒவ்வொரு புலத்தின் மேலும் எழுதுவதே இதற்கு மாற்று.

2020-இல் 1.0 பதிப்பை எட்டிய கோட்லின்எக்ஸ் சீரியலைசேஷன் இதற்கு எதிர்த்திசையில் கண்டிப்பானது. ஒரு புலம் ‘நல்’ ஏற்கும் என்று அறிவித்தாலும், அதற்கு இயல்பு மதிப்பைத் தராவிட்டால் உறுப்பு கட்டாயம் வர வேண்டும் என்றே அது கொள்ளும். ‘இல்லை’யும் ‘நல்’லும் வேறு என்ற வேறுபாட்டை இவ்வளவு நேர்மையாக மதிக்கும் நூலகங்கள் குறைவு. ஆனால் அதே கண்டிப்பு, தனக்குத் தெரியாத புதிய உறுப்பு வந்தாலும் இயல்பாகவே பிழை எறிய வைக்கிறது. ஸ்விஃப்டில் ஜேசானைப் படிக்கும் டிகோடர் தெரியாத உறுப்புகளைக் கண்டுகொள்ளாது. சர்வர் ஒரே ஓர் உறுப்பைப் புதிதாகச் சேர்த்த நாளில் ஐஃபோன் செயலி இயங்கி, ஆண்ட்ராய்டு செயலி விழுவதற்கு இதுவே காரணம். தெரியாத பெயர்களைப் புறக்கணிக்கும் அமைப்பை இங்கே கட்டாயம் இயக்கிவைக்க வேண்டும். கேட்காத உறுப்பு வருவதால் யாருக்கும் கேடில்லை; கேட்ட உறுப்பு வராததே கேடு.

டார்ட் மொழியைக் கொண்ட ஃப்ளட்டரிலும் ஜாவாஸ்கிரிப்டைக் கொண்ட ரியாக்ட் நேட்டிவிலும் செயலி எழுதுபவர்களுக்குச் சிலவற்றை மட்டும் குறிப்பிடுகிறேன். டார்ட்டில், பெயர்-மதிப்புத் தொகுப்பான மேப்பிலிருந்து ஒரு பெயரைக் கேட்டால் இல்லாமையும் ‘நல்’லும் ஒரே வெறுமையாக வரும், பிரித்தறிய ‘கன்டெய்ன்ஸ்-கீ’ வேண்டும். பின்ன எண்ணை எதிர்பார்க்கும் இடத்தில் சர்வர் 5 என்று அனுப்பினால், கைப்பேசியில் அது முழு எண் வகையாகப் படிக்கப்பட்டு, வகைமாற்றத்தில் செயலி விழும். முதலில் பொது எண் வகையாக வாங்கிப் பிறகு மாற்றுவதே வழி. ஜாவாஸ்கிரிப்டில் இல்லாமைக்கு ‘அன்டிஃபைன்டு’ என்ற தனிச்சொல் இருக்கிறது. ஆனால் இரட்டைச் செங்குத்துக் கோட்டால் (||) மாற்று மதிப்பு தரும் பழைய வழக்கம், சரியாக வந்த பூஜ்யத்தையும் வெற்று ஸ்ட்ரிங்கையும் தள்ளிவிட்டு மாற்றைத் திணிக்கும். 2020 பதிப்பில் வந்த இரட்டைக் கேள்விக்குறி இல்லாமைக்கும் ‘நல்’லுக்கும் மட்டுமே மாற்றைத் தரும். என் பிழையில் இல்லாமை பூஜ்யமானது. இங்கே உண்மையான பூஜ்யம் இல்லாமையாகிறது.

ஆழமான உறுப்புகளைத் தேடும்போது சிக்கல் பெருகுகிறது. ஆர்டருக்குள் முகவரி, முகவரிக்குள் மாவட்டம், மாவட்டத்துக்குள் பெயர் என்று கேள்விக்குறிகளால் கோத்த சங்கிலி வெறுமையைத் தந்தால், எந்தக் கண்ணி அறுந்தது என்பதை அது சொல்லாது. முகவரி இல்லாத ஆர்டர் நேரில் பெற்றுக்கொள்ளப்படும் முறையான ஆர்டராக இருக்கலாம். முகவரி இருந்து மாவட்டம் இல்லாதது சர்வரின் பிழையாக இருக்கலாம். இரண்டும் திரையில் ஒரே வெற்றிடம். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தனிக் கேள்வியாக எழுதி, தோற்ற இடத்தைச் சாய்கோடுகளால் பிரித்த பாதையாகப் பிழைப்பதிவில் எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். அதற்கென ஒரு தரமும் இருக்கிறது: 2013-இல் வந்த ஆர்எஃப்சி 6901, ஜேசான் பாயின்டர் என்ற பெயரில், பெயருக்குள்ளேயே சாய்கோடு வந்தால் அதை எப்படி எழுதுவது என்பது வரை வகுத்திருக்கிறது. பதிவில் அந்தப் பாதையைக் கண்டால் சர்வர் குழுவிடம் விளக்கவுரை இல்லாமல் அப்படியே அனுப்பலாம்.

இதுவரை சொன்னது பெறும் திசை. அனுப்பும் திசையில் ‘இல்லை’க்கும் ‘நல்’லுக்கும் உள்ள வேறுபாடு இன்னும் கூர்மையானது. 2014-இல் வந்த ஆர்எஃப்சி 7396 வகுத்த, மாற்றங்களை மட்டும் அனுப்பும் மெர்ஜ் பேட்ச் முறையில், உறுப்பு வராவிட்டால் பழைய மதிப்பை அப்படியே விடு என்று பொருள். உறுப்பு ‘நல்’ ஆக வந்தால் பழைய மதிப்பை நீக்கு என்று பொருள். ஒருவர் தன் மாற்றுத் தொலைபேசி எண்ணை அழித்துவிட்டுச் சேமிக்கிறார். கோடபிள் தானாக உருவாக்கும் நிரல் வெறுமையான புலத்தை எழுதாமலே விட்டுவிடும்; ஜீசானும் இயல்பாக அப்படியே செய்யும். சர்வர் எண்ணை வைத்துக்கொள்கிறது. பயனர் மீண்டும் திறந்து பார்க்கும்போது அழித்த எண் அங்கேயே இருக்கிறது. தன் எண்ணை எடுத்துவிட வேண்டும் என்று விரும்பியவருக்கு அது சிறிய குறை அல்ல. இதற்காக நான் மூன்று நிலையுள்ள ஒரு சிறு வகையை எழுதி வைத்திருக்கிறேன்: மாற்றவில்லை, நீக்கியது, புதிய மதிப்பு. அதை ஜேசானாக மாற்றும் வரிகளையும் தானியங்கியிடம் விடாமல் கையாலேயே எழுதுகிறேன்.

கைப்பேசிச் செயலிக்கு இவையெல்லாம் ஏன் கூடுதல் கனம் என்றால், வெளியே சென்ற பதிப்பைத் திரும்ப அழைக்க முடியாது. இணையதளத்தில் ஒரு தவறான தேடலை மாலைக்குள் திருத்திவிடலாம். கைப்பேசியில் திருத்தம் செயலிக்கடையின் பரிசீலனையைக் கடந்து, பயனர் புதுப்பித்த பிறகே உயிர் பெறும்; புதுப்பிக்காதவரின் கையில் பழைய பெயரைத் தேடும் வரி ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே எங்கள் பிழைக்குச் செயலியைத் திருத்துவது மட்டும் போதவில்லை. பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒரே பதிலில் சேர்த்து அனுப்பும்படி சர்வர் குழுவைக் கேட்டோம். அவர்கள் அன்றே செய்தார்கள். பழைய பெயரை எப்போது நீக்கலாம் என்பதை, அதைத் தேடும் பதிப்புகள் எத்தனைக் கைப்பேசிகளில் மீதமிருக்கின்றன என்ற கணக்கை வைத்தே முடிவு செய்வது என்றும் ஒப்புக்கொண்டோம்.

செயலிக்குள் நாங்கள் செய்த மாற்றம் பெரியதல்ல. ஜேசானைத் தொடும் நிரல் முழுவதையும் ஓர் எல்லைக்குள் கொண்டுவந்தோம். அதைத் தாண்டி உள்ளே செல்வது வகைப்படுத்தப்பட்ட மதிப்புகள் மட்டுமே. எல்லையில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு கேள்வியைக் கேட்டோம்: இது வராவிட்டால் பயனரிடம் நாம் என்ன சொல்வோம்? நிலுவைத் தொகைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டபோது, பூஜ்யம் என்று சொல்லலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சுயவிவரப் படத்துக்குக் கேட்டபோது, பொதுப் படத்தைக் காட்டலாம் என்று எல்லோரும் உடனே சொன்னார்கள். கடைசியாகக் கட்டிய நாளுக்குக் கேட்டபோது, இதுவரை கட்டாதவருக்கு அது ‘நல்’ ஆகவே வரும் என்று சர்வர் குழு சொன்னது. ஆகவே அங்கே ‘நல்’ ஒரு தகவல், உறுப்பு வராதது ஒரு பிழை. இந்த உரையாடல் செயலி தொடங்கிய நாளிலேயே நடந்திருக்க வேண்டியது.

பிறகு ஒரு சோதனையையும் எழுதினேன். சர்வரின் மாதிரிப் பதில் ஒன்றைக் கோப்பில் சேமித்து, அதிலிருந்து ஓர் உறுப்பை மட்டும் நீக்கி எல்லை நிரலுக்குக் கொடுப்பது; அதையே ‘நல்’ ஆக்கிக் கொடுப்பது; வகையை மாற்றிக் கொடுப்பது; பிறகு அடுத்த உறுப்பு. எங்கள் பதிலில் 31 உறுப்புகள் இருந்தன. மூன்று விதமாக 93 ஓட்டங்கள், ஒரு சில நொடிகளில் முடிந்தன. ஒவ்வொன்றிலும் நாங்கள் முன்பே எழுதிவைத்த முடிவோடு விடை ஒத்துப்போகிறதா என்று சோதனை பார்க்கிறது. முதல் ஓட்டத்திலேயே, நிலுவையைப் போலவே பூஜ்யத்துக்குள் மறைந்துபோகும் உறுப்புகள் இன்னும் நான்கு அகப்பட்டன. அவற்றில் ஒன்று, தாமதக் கட்டணம்.

இப்போது அந்த உறுப்பு வராவிட்டால், தொகை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடும், அதன் கீழே ‘நிலுவைத் தகவலை இப்போது பெற முடியவில்லை’ என்ற வரியும் தோன்றுகின்றன. பதிவில் பாதையோடு ஒரு பிழை விழுகிறது. அந்த மாற்றத்துக்குப் பின் ஒருமுறை மீண்டும் ஓர் உறுப்பு விடுபட்டது. முதல் புகார் பதினான்கு நிமிடங்களில் வந்தது.